தலைவரம்மா வீட்டு அட்டை

ஊராட்சி மன்றத் தலைவராகப் பொறுப்பேற்ற நாளன்று அவர் நீல நிறக் கம்பெனிக் கோட்டோடு வந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிற வேலை. காலை ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் மாறி, பிற்பகல் மூன்றரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கோட்டைக் கழற்ற மறந்துவிட்டார். பாக்கெட்டில் செம்புக் கம்பி வெட்டுகிற சின்னக் கட்டர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சால்வையோடு காத்திருந்த ஒருவர், தண்ணீர் கொண்டுவர வந்த பெண் என்று நினைத்து, "தலைவர் வந்துகினு கீறாங்களாம்மா?" என்று அவரிடமே கேட்டார். "வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சால்வைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

நான் அந்த ஊராட்சியின் எழுத்தர். ஊரில் எல்லோருக்கும் கிளார்க். பூந்தமல்லி சாலையை விட்டு நூம்பல் பக்கம் உள்ளே திரும்பினால் வருகிற ஊர். பெயர் வேண்டாம், இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடு வாங்கியிருப்பவர்கள் மனை வரலாற்றைக் கேட்டால் சங்கடப்படுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பல வருடங்கள் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, தலைவர் பதவி எங்கள் ஊரில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் தத்தம் மனைவியை நிறுத்தினார்கள். ஊர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியிருந்த காலனியின் ஓட்டு மட்டும் பிரியவில்லை. அப்படித்தான் பர்மாக்காரர் மகள் தலைவரானார். இதைப் பற்றி அவருக்கு எந்தப் பெருமையும் கிடையாது. "அவங்க ரெண்டு பேரும் அட்ச்சிக்கினாங்க சார், நான் நடுவுல பூந்து வந்துட்டேன்" என்பார்.

பக்கத்து ஊராட்சிகளில் மனைவி பெயர்ப்பலகையிலும் கணவர் நாற்காலியிலும் இருந்த காலம் அது. இவருடைய கணவர் ஆவடியில் லேத் ஓட்டுபவர். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அலுவலகத்துக்கு வந்தார், அதுவும் நின்றுபோன மின்விசிறியைச் சரிசெய்ய. ஸ்டூலில் ஏறி வேலையை முடித்துவிட்டு, மனைவியைப் பார்த்து "வரேங்க தலைவரே" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் வரமாட்டார் என்றால் அந்த இடத்தில் நான் இருக்கலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொரு காகிதத்தையும் விரலை ஓட்டிப் படித்தார். புரியாத இடத்தில் "இது இன்னா சார்?" என்று கேட்டார். கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. முதல் ஆறு மாதம் எனக்கு அவர்மீது எரிச்சல்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். இவர் இங்கே அகதி முகாமில் பிறந்தவர். ரங்கூன் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஊருக்குள் அவர் பர்மாக்காரப் பெண்தான். எஸ்டேட்டில் பத்து வருடம் வேலை பார்த்தும், ஊர்ப் பள்ளியில் படித்தும் அது மாறவில்லை. அப்பா அவர் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாதான் காலனி முனையில் மாலை நேரத்தில் வண்டி போட்டு, பர்மா பக்குவத்தில் நூடுல்ஸ் பிசைந்து விற்று, மகளை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார்.

காலனிக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த அதிகாரி எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் நீட்டுவார்கள், ஆனால் விடமாட்டார்கள். ஒரு முனையைத் தங்கள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ரேஷன் கடைக்காரர் இந்தப் பக்கம் இழுக்க, அவர்கள் அந்தப் பக்கம் பிடிக்க, அட்டையை நடுவில் வைத்தே அவர் பதிந்துகொள்வார். "நான் இன்னா உன் சொத்தையா எயுதி வாங்கிக்கப்போறேன்?" என்று கத்துவார். ஒன்றும் நடக்காது. ரங்கூன் துறைமுகத்தில் அதிகாரிகள், கப்பலில் ஏறியதும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, வீட்டுப் பத்திரம், கடை லைசென்ஸ், கழுத்தில் கிடந்தது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கப்பல் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த இரண்டு விரல் பிடி வந்துவிட்டது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

முகாமைக் கலைத்தபோது சாலையோர மேட்டில் குடும்பத்துக்கு ஒரு மனை அளந்து கொடுத்து, ஆளுக்கு ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், வந்த கப்பல், மனை எண், ஒரு முத்திரை. பட்டா பிறகு தருவோம் என்றார்கள். முப்பது வருடம் ஆகியும் அந்தப் பிறகு வரவில்லை. அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்கு நிலம், அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்து, யாரோ அளந்து கல் நட்டுவிட்டுப் போனதும் காலனி கலங்கிவிட்டது. தலைவரம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. குறித்த தேதிக்குள் அசல் அட்டையைக் காட்டி, சரிபார்த்து, முத்திரை வாங்குகிற குடும்பங்களுக்குப் பட்டா. காட்டாதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டியது. ஜெராக்ஸ் செல்லுமா என்று கேட்டோம், செல்லாது என்றார்கள்.

அசல் அட்டையை அதிகாரி கையில் கொடுப்பது என்றதும் காலனியில் ஒருத்தரும் அசையவில்லை. சொந்தப் பெண் தலைவராக இருந்து சொல்லியும் அசையவில்லை. அவர் கோபப்பட்டார். "அம்மா, மொதல்ல நம்முளுத குடுப்போம். திரும்பி வந்தத பாத்தா மத்தவங்க குடுப்பாங்க" என்று தன் அம்மாவிடம் சொன்னார். நான் அப்போது அந்த வீட்டு வாசலில் இருந்தேன். அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணி மடிப்புக்குள்ளிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். வழக்கம்போல் விரலை விடவில்லை. மகள் பக்கத்தில் வந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்தார். "கிளார்க் சார் நம்ம ஆளும்மா" என்றார். "பத்திரம் தம்பி" என்றார் அந்த அம்மா. நான் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் சாக்குச் சொல்வது போலாகிவிடும். எங்கள் வேலையில் தபால் நோட்டு என்று ஒன்று உண்டு. எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும், வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தை அதில் பெற வேண்டும். அன்று தபால் நோட்டு என் பையில்தான் இருந்தது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் அட்டை வாங்குகிற பிரிவில் இருந்தவர் எனக்கு எட்டு வருடப் பழக்கம், சேர்ந்து டீ குடிக்கிறவர். அவரிடம் போய்க் கையெழுத்துப் போடு என்று நோட்டை நீட்டுவதா என்று கூச்சம். அட்டையை அவர் மேஜையில் வைத்தேன், டீ குடித்தோம், வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவருக்கு மாறுதல் ஆகியிருந்தது. புதிதாக வந்தவர் அப்படி ஓர் அட்டையே வரவில்லை என்றார். அலமாரி, கட்டு, குப்பைக் கூடை எல்லாவற்றையும் புரட்டினேன். மாறிப்போன நண்பரைத் தேடித் திருத்தணி வரை போனேன். வைத்த ஞாபகம் அவருக்கும் இருந்தது, எங்கே என்பதுதான் இல்லை.

தலைவரம்மாவிடம் சொன்னபோது அவர் ஷிப்ட் முடிந்து வந்து, டிபன் டப்பாவை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து வாங்கினீங்களா சார்?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இல்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு, "இது வெளிய தெரிஞ்சா ஒரு அட்டை கூட வராது" என்றார். குறித்த தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பழைய பதிவேட்டைப் பார்த்து மாற்று அட்டை தரச் சொல்லி எழுதிப் போடலாம் என்று நான் ஏதோ சொன்னேன். அதையும் செய்தோம். முகாம் காலத்துப் பதிவேடுகள் மழையில் நனைந்து அழிந்துவிட்டன என்று பின்னால் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை காலனித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார். பெண்கள்தான் அதிகம், கூட்டத்தின் நடுவில் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார். அட்டைகளை இனி யாரிடமும் விட்டுவிட்டு வரப்போவதில்லை என்று தலைவரம்மா விளக்கினார். ஒரு நாளைக்குப் பத்து அட்டை. தானே எடுத்துப் போய், முத்திரை குத்துகிற வரை பக்கத்திலேயே இருந்து, அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் தையல் கடை பாய் எழுந்தார். கப்பலில் வந்த ஆண்களில் மிச்சமிருந்த மூத்தவர் அவர்தான். அவர் கொடுத்தால் காலனி கொடுக்கும்.

"நீ சொல்றது சரிதாம்மா. மொதல்ல உங்க ஊட்டு அட்டை போச்சே, அது திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு பாய்" என்றார் தலைவரம்மா.

பாய் விடவில்லை. கூட்டத்துக்குள் திரும்பி அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தார். "இன்னாக்கா, அட்டை கைக்கு வந்துச்சா?"

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை, அட்டை ஆபீஸில் இருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியில் அந்த மடிப்பு காலியாக இருப்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்குத் தெரியும். அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். ஓரமாக நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பாயைப் பார்த்து, "வந்துருச்சு பாய். பொட்டியில வச்சுப் பூட்டிட்டேன்" என்றார்.

பாய் உட்கார்ந்தார். மறுநாள் காலை அவருடைய அட்டைதான் முதலில் வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் தலைவரம்மா சம்பளமில்லாத விடுப்புப் போட்டார். காலையில் பத்து அட்டைகளை ரெக்சின் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அலுவலக பெஞ்சில் உட்காருவார். நான் கூடவே இருந்தேன், இந்த முறை தபால் நோட்டோடு. அதிகாரி அட்டையை வாங்கி முத்திரை குத்தும்போது தலைவரம்மாவின் இரண்டு விரல் அதன் ஓரத்தில் இருக்கும். இத்தனைக்கும் காலனிக்காரர்களின் அந்தப் பழக்கத்தை ‘கண்றாவி’ என்று திட்டிக்கொண்டிருந்தவர் அவர். "வுடும்மா, முத்திரை கோணலா வுயுது" என்பார் அதிகாரி. "கோணலா வுயுந்தாலும் பரவால்ல சார்" என்பார் இவர். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பத்தையும் கொடுத்துவிட்டு, மறுநாளைக்குப் பத்து வாங்கிக்கொள்வார். குறித்த தேதிக்கு முந்தைய நாள் நூற்றுச் சொச்சம் அட்டைகளும் முத்திரையோடு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒரு வீட்டுக்கு இன்றுவரை பட்டா வரவில்லை. தலைவரம்மா ஒரு முறையோடு பதவியை விட்டார், மறுபடி நிற்கவில்லை. காலனி இப்போது காலனி மாதிரியே இல்லை. பட்டாவை வைத்துக் கடன் வாங்கி எல்லோரும் மாடி எடுத்துவிட்டார்கள், கீழே செல்போன் கடை, மேலே வாடகை. நடுவில் ஒரே ஒரு வீடு பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு நிற்கிறது. சாலையை அகலப்படுத்தும் பேச்சு எப்படியோ அமுங்கிப்போனதால் அந்த வீடும் தப்பித்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே இருப்பவரை வசதியில்லாதவர் என்று நினைக்கிறார்கள். அவர் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. வருடத்துக்கு ஒருமுறை மனு எழுதிக் கொடுக்க நான் போகிறேன். அவர் டீ போட்டுக் கொடுப்பார். பழைய கதை எதையும் நாங்கள் பேசுவதில்லை. பேசாததால் நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

பட்டா வழங்கிய நாள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பெயர்களை மைக்கில் வாசிக்கிற வேலை என்னுடையது. அந்த அம்மா அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அட்டை தொலைந்துபோனது இவருக்குத் தெரியுமா, பெயர் வரும் என்று இன்னும் காத்திருக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். சிலர் அழுதார்கள். தையல் கடை பாய் வாங்கிய பட்டாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த அம்மாவிடம், "உன் பேரு எப்பக்கா?" என்று கேட்டது மைக் வரை கேட்டது. "தலைவர் வீடுல்ல பாய், கடைசியாத்தான் கூப்புடுவாங்க" என்றார் அவர். பாய் சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு மட்டுமில்லை, கேட்ட எல்லோருக்கும் அதே பதில்தான்.

கடைசிப் பெயரையும் வாசித்தேன். கூட்டம் கலைந்தது. தலைவரம்மா அதிகாரியைக் கார் வரை அனுப்பிவிட்டுத் திரும்பினார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மகள் போய்ப் பக்கத்தில் நின்றார், "ஊட்டுக்குப் போலாம்மா" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "அம்மா, உங்க அட்டையைத் தொலைச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"சார், வுடுங்க" என்றார் தலைவரம்மா, சட்டென்று.

"தெரியும் தம்பி" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கித் தொட்டிக்குக் கீழ பொய் சொன்னது எம்மகளும் நானும். தலையக் குனிஞ்சு நின்னது நீங்க மட்டுந்தான்."

நான் அழுதேன். நாற்பது வயது ஆள், கையில் அரசாங்கப் பட்டியலை வைத்துக்கொண்டு, நாற்காலி அடுக்குகிறவர்களுக்கு முன்னால் அழுதேன். அந்த அம்மா என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மைதானத்து வாசல் வழியாகக் காலனி மொத்தமும் பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"அங்க ரங்கூன்ல எல்லாரோடதும் போச்சு தம்பி" என்றார். "இங்க என்னோடது மட்டுந்தானே."